சலீம் பாயும் அடைத்துக்கொண்ட தொட்டியும்

சலீம் பாய் இறந்த செய்தியை யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. நானே போன் போட்டுக் கேட்டுக்கொண்டேன். கொடுமுடியில் ஒரு கல்யாண மண்டபத்து வளாகத்தில் எங்கள் கேரவன் நின்றிருந்தது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. வண்டிக்குள் இருக்கும் கழிவறையில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் கோப்பையின் விளிம்பு வரை ஏறி நின்றுவிட்டது. வண்டிக்கு அடியில் இருக்கிற கழிவுத் தொட்டி அடைத்துக்கொண்டது என்று எனக்கே புரிந்தது. இப்படி ஆனால் நான் செய்கிற முதல் வேலை பாயைக் கூப்பிடுவது. போனை எடுத்த சத்தம் கேட்டதும், "பாய், இந்தச் சனியன் மறுபடியும் அடச்சுக்கிச்சுங்க" என்று ஆரம்பித்துவிட்டேன். மறுமுனையில் அவர் மகள் பர்வீன். "மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க மாமா. சுபுஹு தொழுக எந்திரிச்சாங்க, அப்பிடியே சுவத்துல சாஞ்சுட்டாங்க. மத்தியானம் லுஹர் தொழுது அடக்கம். நீங்களும் அத்தையும் வந்துருங்க" என்றாள். மையத்து வீட்டுக்கு நான் பேசிய முதல் பேச்சு கக்கூஸ் அடைப்பைப் பற்றி. பாய் உயிரோடு இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்திருப்பார்.

அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கோட்டைமேட்டில் பைப்பும் கழிவறைச் சாமான்களும் விற்கிற கடை. வாடிக்கையாளர்களோடு சண்டை போட்டே வியாபாரம் செய்தவர். "இந்தக் கொழாய் உங்க ஊட்டுக்கு ஆகாது, குடுக்க மாட்டேன், போங்க" என்று விரட்டுவார். வந்தவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுப்பார். ஆர்.எஸ்.புரத்தில் இருக்கும் என் அச்சகத்துக்கு பர்வீனின் கல்யாணப் பத்திரிகை அடிக்கத்தான் முதலில் வந்தார். பின்கட்டில் குழாய் சொட்டுவதைப் பார்த்ததும் பத்திரிகையை மறந்துவிட்டுக் குழாயோடு மல்லுக்கு நின்றார். சரியாகவும் செய்யவில்லை. அதுவரை சொட்டிக்கொண்டிருந்தது, அவர் கை வைத்த பிறகு ஒழுக ஆரம்பித்தது. மறுநாள் புதுக் குழாயோடு வந்து, பழசைச் செய்தவனைத் திட்டிக்கொண்டே மாற்றினார். பத்திரிகையில் பிழையாக இருந்த மாப்பிள்ளையின் பெயரைத் திருத்த மறந்தே போனோம்.

என் மனைவி தெய்வானைக்குப் பெருங்குடலில் புண். வயிறு கலக்கினால் உடனே கழிவறை வேண்டும், ஐந்து நிமிடம் பொறு என்று சொல்ல முடியாது. டயப்பர் கட்டிக்கொண்டு போகலாமே என்று யோசனை சொல்கிறவர்கள், அந்த வலியோடு ஒரு தடவை பல்லடம் வரை போய்ப் பார்க்கட்டும். பஸ், கல்யாணம், கோயில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டாள். காங்கேயத்தில் அவளுடைய அக்கா இறந்தபோது வாடகைக் கார் பிடித்துப் புறப்பட்டோம். சூலூர் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நனைந்த சேலையோடு, முகத்தை மூடிக்கொண்டு, வண்டியைத் திருப்பச் சொன்னாள். கூடப் பிறந்தவள் முகத்தைக்கூட வந்து பார்க்காத மகராசி என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். காரணத்தை எப்படிச் சொல்வது?

அந்த வாரம் வீட்டுக்கு வந்த பாயிடம், அவளுக்கு உடம்பு முடியவில்லை என்றேன். "என்ன உடம்புக்கு?" என்றார். நான் மழுப்பினேன். அவர் நேராக உள்ளே பார்த்து, "அக்கா, எத்தன தடவ போறீங்க? ரத்தம் கலந்து போகுதுங்களா?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தெய்வானை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு கக்கூஸு இல்லாததுக்காகவா கூடப் பொறந்தவ மொகத்தப் பாக்காம உட்டீங்க? என்ற காதுல ஒரு வார்த்த போட்டிருக்கக் கூடாதுங்களா? இனி எந்தச் சாவுக்கும் நீங்க போகாம இருக்கக் கூடாது, ஆமா" என்று எங்கள் வீட்டு மேசையைத் தட்டினார்.

பொள்ளாச்சிப் பக்கம் சினிமாப் படப்பிடிப்புக்கு ஓடிய பழைய கேரவன் ஒன்று விலைக்கு வந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். உள்ளே படுக்கை, முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு கழிவறை. "நடிகருங்க போன கக்கூஸுங்க்கா, உங்களுக்கு ராசியா இருக்கும்" என்று தெய்வானையைச் சிரிக்க வைத்தார். வாங்கிய பிறகுதான் தெரிந்தது, அந்த வண்டியில் கவனித்துக்கொள்ள வேண்டியது எஞ்சின் மட்டுமல்ல, கழிவுத் தொட்டியும்தான் என்று.

பாய்க்கு எல்லாம் தெரியும் என்று நினைத்தால் அது அவருக்கே அடுக்காது. ஒரு முறை வண்டி முழுக்க நாற்றம். தொட்டியில் ஓட்டை என்று சொல்லி அடியில் படுத்துப் பாதி நாளைத் தொலைத்தார். கடைசியில் பார்த்தால், கூரைக்கு மேலே தொட்டியின் காற்று வெளியேறுகிற குழாயில் குளவி கூடு கட்டியிருந்தது. இன்னொரு முறை அடைப்புக்கு ஆசிட் ஊற்றலாம் என்றார். ஊற்றினோம். அடைப்பு அப்படியே இருந்தது, வால்வில் இருந்த ரப்பர் வெந்துபோய் அவிநாசி ரோடு நெடுகக் கோலம் போட்டுக்கொண்டு வந்தோம். சுவரில் ஒரு விளக்கு உண்டு, தொட்டி நிரம்பினால் சிவப்பாக எரியும். காலியாக இருந்தாலும் எரியும். "வெளக்கு பொய் சொல்லும்ங்ணா. மூக்கு பொய் சொல்லாது" என்பார்.

எங்கள் வீட்டுத் தப்பு ஒன்றை மட்டும் அவரால் திருத்த முடியவில்லை. தெய்வானை காங்கேயத்துப் பக்கம் மானாவாரிக் காட்டுக்காரர் வீட்டில் பிறந்தவள். ஒரு சொம்புத் தண்ணீரில் முகம் கழுவி, அதே தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுகிற வீடு. கழிவறையிலும் அரை மக்தான் ஊற்றுவாள். நான் அதற்கு மேல். வண்டி வீட்டில் நிற்கும்போது தொட்டியின் குழாயை எங்கள் செப்டிக் டேங்கில் சொருகி, வால்வைத் திறந்தே விட்டுவிடுவேன். தானாக வடியட்டுமே என்று நினைப்பு. பாய் தலையில் அடித்துக்கொள்வார். "தண்ணி மட்டும் ஓடிப்போயிரும்ங்ணா, சரக்கு கரடாட்டம், சின்ன மலையாட்டம் அங்கயே நின்னுக்கும். மூடி வெய்யிங்க. ரொம்பட்டும். அப்பறம் ஒரே அடியாத் தெறந்து உடுங்க. ரெண்டும் சேந்து போகோணும். அக்கா, உங்களுக்குக் கும்புடு போடறேன், தண்ணிய ஊத்துங்க!" தெய்வானை சரி என்பாள். கை கேட்காது.

இந்தக் கோடையில் வீட்டுக் கழிவறையை இடித்துக் கட்டினோம். அவள் வண்டியில் இருக்கிற கழிவறையையே பயன்படுத்தினாள், நான் வால்வைத் திறந்தே வைத்திருந்தேன். அந்தக் கரட்டைச் சுமந்துகொண்டுதான் அக்காவுக்குத் திதி கொடுக்கக் கொடுமுடிக்குப் போனோம். செய்தி வந்ததும் தெய்வானை திதிச் சாமான்களை மூட்டை கட்டிவிட்டாள். "அக்காவுக்கு அடுத்த அமாவாசைக்குக் குடுத்துக்கலாமுங்க. இந்தத் தம்பி மத்தியானம் வரைக்குந்தானே இருக்கறாரு" என்றாள். சொல்லும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். துக்கம் வந்தால் அவளுக்கு முதலில் வயிறுதான் கலங்கும். அடைத்த தொட்டியோடு எப்படிக் கோயம்புத்தூர் போவது?

பாய் சொல்லிக் கொடுத்ததை ஒவ்வொன்றாக யோசித்துச் செய்தேன். மண்டபத்துச் சமையல்கட்டில் கெஞ்சி வெந்நீர் வாங்கினேன். சோப்புத்தூள் கரைத்துக் குடம் குடமாக உள்ளே ஊற்றி, குண்டும் குழியுமான வாய்க்கால் ரோட்டில் வண்டியை முன்னும் பின்னும் ஓட்டி, பிரேக் போட்டுப் போட்டுக் குலுக்கினேன். அழுகையும் ஆத்திரமுமாக ஓட்டினேன். ஏன் சாமி இன்றைக்குப் பார்த்து அந்த ஆளைக் கொண்டுபோனாய் என்று சத்தமாகக் கேட்டேன். இனி திறந்துவிட வேண்டும். மண்டபத்து செப்டிக் டேங்கின் மூடி பூட்டிய கேட்டுக்குள் இருந்தது. "ஓனரு வந்துதானுங்க தெறக்கோணும். வந்துருவாருங்க, செத்த இருங்க" என்றார் வாட்ச்மேன். எங்களுக்கு இருக்க நேரம் இல்லை. காவிரி பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

வண்டியைக் கரையோரம் கொண்டுபோய் நிறுத்தி, அடியில் படுத்து, வால்வின் பிடியில் கை வைத்தேன். இதை மறைக்க மாட்டேன். திறந்திருப்பேன். கொஞ்சம் கீழே தள்ளி ஒரு பெண் குடத்தில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தது தெரிந்தும் திறந்திருப்பேன். பாய் ஒரு தடவை நொய்யலோரம் இதே மாதிரி என் கையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். "கீழ ஒருத்தன் அத வாயில வெச்சுக் குடிக்கறானுங்ணா. நம்ம அவசரம் அவனுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். இந்தத் தடவை தள்ள அவர் இல்லை. தெய்வானை படியில் இறங்கி வந்து, சேறு என்றும் பார்க்காமல் என் அருகில் உட்கார்ந்தாள். வலியில் முகம் வெளுத்திருந்தது. "கைய எடுங்க. அந்தத் தம்பி சாவுக்குப் போறதுக்கு இப்பிடியா போறது?" என்றாள். எடுத்துவிட்டேன். அவள்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

மண்டபத்துக்காரர் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. நல்ல மனிதர், கேட்டதும் திறந்துவிட்டார். பாதி போயிற்று. மீதிக் கரடு அசையவில்லை. போகிற வரை போகட்டும் என்று முத்தூர் வழியாகக் கிளம்பினோம். காங்கேயத்துக்கு வருவதற்குள் கோப்பையில் தண்ணீர் மறுபடியும் ஏறிவிட்டது. ஒரு பெட்ரோல் பங்கில் கழிவறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடி, அவளை உள்ளே விட்டு, வெளியே நின்றேன். உள்ளே அவள் முனகுவது கேட்டது. பர்வீன் கூப்பிட்டாள். "எங்க மாமா இருக்கீங்க? ஜமாத்துல எல்லாரும் வந்துட்டாங்க. மையத்த வெச்சுட்டு இருக்கக் கூடாதுங்கறாங்க. நான் கேட்டுப் பாக்கறேன்." பல்லடம் தாண்டிவிட்டோம் என்று பொய் சொன்னேன்.

கோட்டைமேட்டில் பாய் வீடு இருக்கிற குறுகிய தெருவுக்குள் எங்கள் வண்டி நுழையவே கூடாது. தெரிந்தும் நுழைத்தேன். தெருவின் பாதியில், எதிரே ஆட்கள் வந்தார்கள். அவர்கள் தோளில் பாயைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டி, அதன்மேல் பச்சைத் துணி. வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. யாரோ கையைக் காட்டினார்கள். நான் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. அவரைப் பார்க்க அவ்வளவு தூரம் ஓடி வந்து, அவருக்கு வழிவிட வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். கண்ணீர் கண்ணை மறைத்தது. ஒரு பையன் பின்னால் நின்று, "வாங்க வாங்க" என்று வண்டியைத் தட்டித் தட்டிச் சொன்னான்.

ஒதுக்கிவிட்டு நான் இறங்கி ஓடித் தோள் கொடுத்தேன். சந்தூக்கு வண்டியைத் தாண்டும்போது தெய்வானை கதவைத் திறந்துகொண்டு படியில் நின்றாள். கலைந்த தலை, சேறு படிந்த சேலை. ஆண்கள் மட்டுமே போகிற அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்குரலும் கிடையாது. "வந்துட்டனுங்க தம்பி! நான் வந்துட்டனுங்க!" என்று கத்தினாள். யாரும் அவளை அதட்டவில்லை. சுமந்தவர்கள் ஒரு கணம் நடையைத் தளர்த்தினார்கள், பிறகு நடந்தார்கள். மூடியை யார் திறப்பார்கள்? முகத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கபர்ஸ்தானில் மற்றவர்களோடு நானும் மண் போட்டேன்.

வீடு திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்த ஆத்துல உட்டிருந்தா மொகம் பாத்திருக்கலாம்" என்றேன். "பாத்திருக்கலாமுங்க. பாத்துப்போட்டு அந்தத் தம்பிகிட்ட என்னத்தச் சொல்லியிருப்போம்?" என்றாள்.

இப்போது வண்டி வாசலில் நிற்கிறது. தொட்டியை வாரத்துக்கு ஒரு முறை நானே திறந்து மூடுகிறேன், தெய்வானை பக்கெட் நிறையத் தண்ணீர் ஊற்றுகிறாள், கரடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. அடுத்த முறை நடுரோட்டில் அடைத்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அவள் எங்கேயும் வர மறுக்கிறாள். நானும் வற்புறுத்துவதில்லை. வால்வின் பிடியைத் தொட்டதும் என் கை ஒரு கணம் நின்று, கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறது. சலீம் பாயிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு கணம்தான். அவர் முகத்தைக் கொடுத்து அதை வாங்கினேன். கொடுத்தது அதிகம் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது.