புறாமலைக்குப் போன படகு

கடிதம் இங்கிலீசில் வந்திருந்தது. தோட்டத்து ஆபீசில் கிளாக்கரய்யா அதை வாசித்துச் சொன்னதை, அப்பா லயத்து வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒரே வரியில் சொன்னார்.

"நம்மள சேத்துக்கலயாம்."

தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இலங்கைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பம் போட்டுப் பல வருஷம் காத்திருந்தோம். கிடைத்தால் குடும்பத்தோடு திருகோணமலைக்குப் போய்க் கோணேசரைக் கும்பிடுவதாக அப்பா நேர்ந்திருந்தார். கிடைக்கவில்லை. ஆனாலும் ஃபெக்டரியில் லீவு சொல்லிவிட்டு வந்தார்.

"குடுக்காத சாமிக்கு எதுக்குங்க நேத்திக்கடன்?" என்று அம்மா கேட்டார்.

"சாமிக்கு இல்ல. இந்த நாட்டச் சுத்தி வரக் கடலுங்கறாங்க. நாம யாராச்சும் பாத்திருக்கமா? ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்."

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அக்காவுக்குப் பதினெட்டு. ஆடி மாதம், மலையில் விடாத மழை. வட்டகொடையில் ரயில் ஏறி, கண்டியில் பஸ் மாறி, மறுநாள் திருகோணமலை போய்ச் சேர்ந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. கோயிலில் அம்மாதான் கும்பிட்டார். அப்பா பாறை விளிம்பில் நின்று கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் போய்க் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினார்.

அடுத்த நாள் காலையில் நிலாவெளிக்குப் போனோம். எதிரே தெரிந்த புறாமலைத் தீவுக்குப் படகில் கூட்டிப்போய், கடலுக்கடியில் இருப்பதைக் காட்டுவதாக ஒரு முஸ்லிம் படகுக்காரர் சொன்னார். அவரிடம் கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி ஒன்றும், மூச்சு விட வளைந்த ரப்பர் குழாய் ஒன்றும் இருந்தன. நேவிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனதாம்.

அக்கா வழியெல்லாம் வாந்தி எடுத்தாள். படகின் நடுவில் சுருண்டு படுத்தவள் தீவு வரும்வரை தலை தூக்கவில்லை. தீவை ஒட்டி நிறுத்தியபோது தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. நான் படகில் குப்புறப் படுத்து முகத்தை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தேன். மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, என் மூக்குக்கு நேரே ஒரு கணம் நின்று, ஒன்றாகத் திரும்பின. நான் குழாயைக் கடித்துக்கொண்டே கத்தினேன். அந்தப் பயணத்தில் என்னிடம் மிஞ்சிய சந்தோஷம் அவ்வளவுதான்.

அம்மா கையைத் தண்ணீரில் வைத்தவுடன் இழுத்துக்கொண்டார். கொழுந்து பறித்து வெடித்த விரல்களில் உப்பு ஏறி எரிந்தது. "போதும், எனக்கு வேணாம்" என்று கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

அப்பா சட்டையைக் கழற்றினார்.

"நீந்துவீங்களா அண்ணன்?" என்று படகுக்காரர் கேட்டார்.

"தெரியாது."

"அப்ப கயித்தப் புடிச்சிக்கிட்டு மெதந்தாப் போதும். கயித்த மட்டும் விட்றாதீங்க."

அப்பா இறங்கினார். முகம் தண்ணீருக்குள், முதுகு வெயிலில், குழாயின் நுனி மட்டும் மேலே. வெகு நேரம் அசையாமல் மிதந்தார். படகுக்காரர் அக்காவுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்கத் திரும்பினார். அம்மா தீவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

அவர் கை கயிற்றை விட்டது. அது வழுக்கிப் போகவில்லை. விரல்கள் மெல்ல விரிந்ததைப் பார்த்தேன். தேவையில்லாத ஒன்றைக் கீழே வைப்பது போல இருந்தது. அலை அவரைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிற்று. அவர் கையையோ காலையோ அடிக்கவில்லை. குழாய் நுனி தண்ணீருக்குள் போனது. படகின் பலகையை இரண்டு கையாலும் தட்டினேன்.

படகுக்காரர் பாய்ந்தார். இரண்டு பேருமாக மேலே வந்தபோது அப்பாவின் முகம் நீலம் பாரித்திருந்தது. படகில் கிடத்திப் புரட்டியதும் உப்புத் தண்ணீர் வாயாலும் மூக்காலும் வந்தது. அக்கா வாந்தியை மறந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சொன்னேன்ல அண்ணன், விட்றாதீங்கண்டு!" என்று படகுக்காரர் மூச்சு வாங்கக் கத்தினார்.

"கயிறு வழுக்கிருச்சாங்க?" என்று அம்மா கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பார்த்ததை அவர் அறிந்திருந்தார்.

"ஆமா. வழுக்கிருச்சு."

திரும்பி வரும்போது நான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ரயிலிலும் விடவில்லை. அவர் அதைத் தடுக்கவும் இல்லை, பதிலுக்கு என் கையைப் பிடிக்கவும் இல்லை.

தோட்டத்துக்கு வந்த பிறகு, அப்பீல் செய்ய இன்னும் நாள் இருக்கிறது என்று கிளாக்கரய்யா இரண்டு முறை ஆள் அனுப்பினார். அப்பா போகவில்லை. அம்மா சண்டை போட்டார், அழுதார், பட்டினி கிடந்தார். அப்பா சங்கு ஊதியதும் ஃபெக்டரிக்குப் போனார், வேலை முடிந்ததும் வந்தார், கேட்டதற்குப் பதில் சொன்னார். அவரிடம் கோபப்படக்கூட ஒன்றும் மிச்சமில்லை. அப்பீலுக்கான கடைசி நாளும் கடந்து போயிற்று.

அக்காவை அக்கரப்பத்தனையில், பிரஜாவுரிமை கிடைத்த ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்தோம். அவள் ஒருத்தியாவது இங்கே இருக்கட்டும் என்று அம்மா நினைத்தார். அதன் பிறகு இலங்கை, இந்திய அரசாங்கங்கள் இரண்டும் பேசி முடித்து, இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கான ஃபாரம் லயத்துக்கு வந்தது. அதற்குள் நான் நன்றாக எழுதப் படித்திருந்ததால் என்னிடம்தான் கொடுத்தார்கள்.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்பா, அக்கா இங்க இருக்காங்களே. இன்னும் ஒரு தடவ கேட்டுப் பாக்கலாமா?"

"யாருகிட்ட கேக்குறது?" என்றார் அப்பா. அதில் கோபமில்லை, உண்மையிலேயே அவருக்குத் தெரியவில்லை. பிறகு, "எழுதும்மா" என்றார்.

மூன்று பேரின் பெயரையும் எழுதினேன்.