சுவரில் போட்ட தாளம்

இன்று பின்னேரம் வெள்ளவத்தைச் சந்தையில் பக்கத்து வீட்டு அம்மாவைக் கண்டேன். கையைப் பிடித்தபடி அவருடைய எட்டு வயது மகள்.

"டீச்சர், சொறி. இனி டீவியைக் குறைச்சு வைக்கிறம்," என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"போன கிழமை சின்னப் பிள்ளையளின்ர பாட்டுப்போட்டி போகேக்க நீங்கள் சுவரில தட்டினீங்களெல்லோ. முதல் ஆமிதான் வீடு செக்கிங்குக்கு வந்திட்டாங்களெண்டு பயந்திட்டம். பிறகுதான் உங்களுக்குக் கரைச்சலெண்டு விளங்கினது."

என்னிடம் டீவி இல்லை. சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியதிலிருந்து வீட்டார் அங்கே, நான் இங்கே கொழும்பில் ஓர் அறையில். சிறுவர்களுக்கு இப்படி ஒரு போட்டி இதுதான் முதல் தடவை. தொடங்கிய நாள் முதல் சுவரோரம் கதிரையைப் போட்டுக் கேட்கிறேன். ஒரு பிள்ளையின் முகமும் தெரியாது, குரல்தான் அடையாளம். இடையில் இந்தச் சின்னவளும் சுருதி விலகிச் சேர்ந்து பாடுவாள். அவளுக்கும் மனதுக்குள் மார்க்ஸ் போடுவேன்.

அன்று நான் தட்டியது தாளம்.

அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒட்டுக்கேட்டதையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? "பரவாயில்லை, தாங்ஸ்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கத் தொடங்கினேன்.

இப்போது போட்டி நேரம். கதிரை அதே இடத்தில்தான் இருக்கிறது. சொன்ன சொல் தவறாத மனிதர்கள். என் மின்விசிறி மட்டும்தான் கேட்கிறது.

இன்று யார் வெளியேறியது என்று, பார்த்து முடித்தவர்கள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். தயவுசெய்து, கொஞ்சம் சத்தமாக.