துகினாவின் மஞ்சள் வயிற்றுப் பறவை

பக்கத்து வீட்டுத் துகினா அக்காவால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சோயாவில் செய்த தெம்பே வில்லைகளைப் பொரித்துக்கொண்டிருப்பாள், மூங்கில் தோப்பு சலசலத்தால் எண்ணெய்ச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு வந்து மரங்களின் தலையைப் பார்ப்பாள். அவளுடைய அப்பாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதனால்தான் எங்கள் லாவு மலை அடிவாரத்து பர்ஜோவைக் கட்டிக்கொண்டாள். படகில் கால் வைக்கக் கூடாது என்று கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள்.

பர்ஜோ மேல்மலையில் முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேலை என்று சொல்லிப் போவார். சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார். அப்படி வந்தபோதுதான் அந்த வெள்ளைக்கண்ணிக் குருவியைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் பருமன், பச்சை முதுகு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். "தோட்டத்து ஓரத்துல பிடிச்சேன்" என்றார். அக்கா கூண்டைக் கூரை விளிம்பில் மாட்டி, கொல்லையில் காய்த்த பூசணியைக் கீறிக் கீறிக் கொடுத்தாள்.

அது நன்றாகப் பாடியதால் சந்தைத் திடலில் நடக்கும் பறவைப் பாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோனோம். கூண்டுகளை வாங்கி இனம் பிரிப்பவர் பொனிரன். அவர் குனிந்து பறவையின் வயிற்றைப் பார்த்துவிட்டு, "கடற்கரை வரிசைல மாட்டு" என்றார்.

"இது மலைப் பறவைண்ணே" என்றாள் அக்கா.

"மலைப் பறவைக்கு வயிறு சாம்பலா இருக்கும். இது தாடையிலிருந்து வால்வரைக்கும் மஞ்சள். இது அலையாத்தி மரத்துல திரியறது தாயி, படகு கட்டற இடத்துல."

"பூசணி குடுக்கறேன். அதான் மஞ்சள்."

பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "எங்க மாமியாருக்கும் கொஞ்சம் குடு, மஞ்சளாகுதான்னு பாப்போம்."

"படிச்சவங்களே இதுங்களை ஒருவாட்டி ஒரே இனம்ங்கறாங்க, ஒருவாட்டி நாலு இனம்ங்கறாங்க" என்றார் பொனிரன். "பூசணியை நிறுத்திப் பாரு. இறகு உதிர்ந்து புதுசு சாம்பலா வந்தா மலை. மஞ்சளாவே வந்தா கடற்கரை."

அக்கா கூண்டை எந்த வரிசையிலும் மாட்டவில்லை. வீட்டுக்குத் திரும்பினோம். சந்துத் திருப்பத்தில், "மலைல வேலை செய்யறவருக்குக் கடற்கரைப் பறவை எப்படிடி கிடைக்கும்?" என்றாள்.

அன்றிலிருந்து பறவைக்கு வாழைப்பழமும் எறும்பு முட்டையும்தான். அக்கா விடிந்ததும் கூண்டின் அடித்தட்டை இழுத்துப் பார்ப்பாள். துணி அலசும்போது பாதியில் எழுந்து வந்து பார்ப்பாள். கிணற்றடியில் பெண்கள், "சீக்கு பறவைக்கா, உனக்கா?" என்று கேட்டார்கள். அவள் சிரித்ததாகப் பேர் பண்ணினாள். இறகு உதிரத் தொடங்கியதும் பறவை பாட்டை நிறுத்திவிட்டது. அந்த நிசப்தம் அவளை இன்னும் அலையவைத்தது. காற்று அடித்த நாட்களில் அவள் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

புது இறகு முளைத்தது. முன்னைவிடப் பளிச்சென்ற மஞ்சள்.

பர்ஜோ வந்தபோது தோளில் ஒரு சாக்கு முட்டைக்கோஸ். மேலிலைகள் வாடியிருந்தன. நான் இரவல் வாங்கிய முறத்தை அக்காவிடம் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா சாக்கைத் தொடவில்லை. கூண்டைக் கழற்றி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இதை எந்தக் கடற்கரைல பிடிச்சீங்க?"

அவர் பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மெல்ல உட்கார்ந்தார். "கோஸ் விலை விழுந்துச்சு. தோட்டத்துல ஆளை நிறுத்திட்டாங்க. கடலோரம் ரெம்பாங்ல மீன்பிடிப் படகுக்கு ஆள் கேட்டாங்க."

"எப்ப?"

"இந்தப் பறவை வர்றதுக்கு முன்னாடியே. சொன்னா நீ தூங்கமாட்டியேன்னு..."

"இப்ப மட்டும் தூங்கினேனா?"

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ உள்ளே போய் உடுப்புகளை மடித்து ஒரு துணியில் கட்டினாள்.

"எங்க கிளம்பற?"

"உங்ககூட."

"கடலைப் பாத்தாலே உனக்கு ஆகாதே."

"இங்க நின்னு மூங்கிலைப் பாத்து அங்க எவ்வளவு காத்துன்னு கணக்குப் போட என்னால ஆகாது. கரைல நின்னு படகையே பாத்துக்கறேன்."

மறுநாள் காலை சாலைவரை நானும் போனேன். பஸ் வந்தது. அக்கா ஏறி உட்கார்ந்து கூண்டை மடியில் வைத்து, மேலே சுற்றிய துணியை விலக்கிப் பார்த்தாள், மூடினாள், மறுபடி விலக்கினாள்.

"கொல்லைப் பூசணியை நீ பறிச்சுக்கோ. இதுக்கு இனி வேணாம்" என்றாள் ஜன்னல் வழியாக.

பஸ் நகர்ந்தபோது ஒரு காற்று புழுதியைக் கிளப்பியது. அக்கா இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள். பர்ஜோ பக்கத்தில்தான் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.