சந்தனம் வைத்த ரேம்

எங்கள் தெருவுக்கு முதலில் வந்த கம்ப்யூட்டர் எங்களுடையதுதான். இதை உத்திரமேரூரில் இன்றும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். அது ஓடிய லட்சணத்தைச் சொல்லத்தான் கூச்சம். கம்பெனிக்காரனே பாகங்களைப் பூட்டி, பெட்டியில் போட்டு விற்ற மலிவுச் சரக்கு. அக்கா அதில் காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றுக்குப் புடவைக் கரை டிசைன் போடுவாள். திரையில் மயில் தலைகாட்டினால், வால் வருவதற்குள் நான் கடைக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

ரேம் என்கிற நினைவக அட்டையைக் கூட்டினால் சரியாகும் என்றாள் அக்கா. அப்பா வாங்கி வந்தார். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும், டிராக்டரோ டார்ச் லைட்டோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் தொடக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். அந்தப் பச்சை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், ஓரத்தில் தங்க நிறத்தில் மின்னிய வரிசையே மங்களகரமான இடம் என்று முடிவுசெய்து மூன்று பொட்டு வைத்தாள். மின்சாரம் போகும் வழியே அதுதான். அப்பா சொருகினார். பெட்டி பீப் பீப் என்று கத்தியது. திரை இருண்டே கிடந்தது. நான் கற்பூரம் ஏற்றலாமா என்று கேட்டேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். என் பள்ளிக்கூட ரப்பரை வாங்கி, தங்க வரிசையை அழுத்தித் தேய்த்து மாட்டினாள். மயில் ஒரே மூச்சில் தோகை விரித்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் டிசைன் போடவேண்டும் என்பது ஒன்றுதான் அவள் கேட்டது. முதலில் வந்தவர் கம்ப்யூட்டரில் புலி என்று தரகர் சொல்லியிருந்தார். அப்பா பெருமையோடு பெட்டியைப் போட்டார். பீப் பீப். புலி மூடியைத் திறக்காமலே தீர்ப்பு சொன்னது.

"போர்டு போச்சு சார். தூக்கிப் போட்டுடுங்க. கல்யாணத்துக்கு அப்பறம் இத வெச்சிக்கினு அவங்க இன்னா பண்ணப் போறாங்க?"

அக்கா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இந்த இடம் வேண்டாம் என்றாள். அப்பா தரகருக்கு மறுபடி சொல்லி அனுப்பினார்.

அடுத்து வந்தவர் புள்ளலூரில் உரக்கடை வைத்திருந்தார். அவர் முன்னாலும் பெட்டி அதே மாதிரி கத்தியது. அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எனக்கு இன்னா தெரியும் மாமா? இத்த வெச்சி வேலை செய்யறது அவங்கதான? அவங்களக் கேளுங்க."

அக்கா முந்தானை முடிச்சிலிருந்து என் ரப்பரை எடுத்தாள். சபை நடுவில் பெட்டியைத் திறந்து, தேய்த்து, மாட்டினாள். மயில் வந்தது. அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, இந்த வால் இன்னும் கொஞ்சம் நீண்டால் நன்றாயிருக்குமே என்றார். அக்கா நீட்டினாள். காபி ஆறிப்போனது.

மாப்பிள்ளைகள் பெண் பார்க்க வந்த அந்த இரண்டு நாளும் காலையில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, ரேமைக் கழற்றி, அதே தங்க வரிசையில் சந்தனம் குங்குமம் வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். கல்யாணம் நெருங்கினால் பெண்களுக்குப் பக்தி முற்றிவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன். என் ரப்பர் சிவந்துபோனதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை.