நான் தோற்றிருக்க வேண்டிய வழி

எனக்குச் சதுரங்கம் பட்டறையில் வந்தது. கணபதி என்கிற பகுதியில், பம்புக்கு உதிரி பாகம் கடையும் லேத் பட்டறை. மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்த வருடங்களில் மோட்டார் நின்றதும் எல்லோரும் வாசலுக்குப் போய்விடுவார்கள். நானும் பக்கத்து லேத்தில் நின்றவரும் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பலகையை விரித்துக்கொள்வோம். பிறகு கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கியது. அவர் ஓசூருக்கு வேலை மாறிப் போனார். பலகை என்னிடம் தங்கிவிட்டது.

அதற்குப் பின் போனில்தான் ஆடினேன். எதிரே ஆடுகிறவர் யார் என்று தெரியாது. ஒரு நாட்டின் கொடி மட்டும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் அவர் போய்விடுவார், வேறொரு கொடி வரும். எனக்கு அது பழகியிருந்தது. நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கல்யாணம் ஆகவில்லை, ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். பெண் பார்த்துப் பார்த்து அக்காவும் ஓய்ந்துவிட்டாள்.

போன மாசம் காரமடைப் பக்கம் ஒரு கல்லூரியில் போட்டி நடப்பதாகப் போனிலேயே வந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று இருந்ததால் சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். வெளியே அவர்களுடைய அம்மாக்கள் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். முதல் சுற்றில் பெரிய ஆட்டக்காரர்களை எங்களைப் போலக் கணக்கிலேயே இல்லாதவர்களோடு கோர்த்துவிடுவது வழக்கம். எனக்கு வந்தவர் எங்கள் பக்கத்தில் சதுரங்கம் ஆடுகிற எல்லோருக்கும் தெரிந்த மனிதர். பேப்பரில் படம் வந்தவர். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். என் வயதுதான் இருக்கும். அவர் வந்து உட்காரும்போது எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க, உக்காருங்க. இதென்ன கலெக்டர் ஆபீஸா?" என்றார்.

ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆரம்பத்திலேயே ஒரு சிப்பாயை விட்டேன். நடுவில் இன்னொன்று போனது. அதற்குப் பதிலாக நான் செய்ததெல்லாம், கிடைத்த இடத்திலெல்லாம் காய்க்குக் காய் வெட்டிக்கொண்டது மட்டும்தான். பலகையில் காய் குறைந்தால் பயமும் குறையும் என்று நினைத்தேன். கடைசியில் அவரிடம் ராஜா, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள். என்னிடமும் அப்படியே, இரண்டு சிப்பாய் குறைவாக. ஆனால் அவருடைய மந்திரி வெள்ளைக் கட்டங்களில் ஓடுவது. என்னுடையது கறுப்புக் கட்டங்களில் ஓடுவது. மந்திரி மூலைவாட்டில் மட்டுமே போகும் என்பதால் அவை இரண்டும் ஒரே பலகையில் எவ்வளவு நேரம் அலைந்தாலும் ஒன்றையொன்று தொட முடியாது. அவருடைய சிப்பாய்கள் கறுப்புக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் என் மந்திரி அங்கே நின்றது. அவர் இடது பக்கம் வந்தார், வலது பக்கம் வந்தார், ராஜாவைச் சுற்றிக் கூட்டி வந்தார். மற்ற பலகைகளெல்லாம் காலியாகிவிட்டன. சுற்றிலும் ஆட்கள் கூடி நின்றதை நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

கடைசியில் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார். "ட்ரா வெச்சுக்கலாங்களா?"

"சரிங்க" என்றேன்.

நகர்த்தல்களை எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான் எழுந்தேன். ஆட்டம் முடிந்தால் போய்விடுவதுதான் எனக்குத் தெரியும். அவர் எழவில்லை. காய்களைப் பழையபடி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க? ஒருக்காப் பாத்துப் போடலாம், வாங்க."

பெரிய ஆட்டக்காரர்களிடம் அப்படி ஒரு வழக்கம் உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. இவ்வளவு நேரம் ஒருவரையொருவர் கவிழ்க்கப் பார்த்தவர்கள், முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து எங்கே எது தப்பு என்று சேர்ந்து தேடுவார்கள். வராந்தாவில் அதற்கென்றே மேஜை போட்டிருந்தார்கள். அங்கே போய் உட்கார்ந்ததும் அவர் தாளைப் பார்க்காமலே முதலிலிருந்து ஒவ்வொரு நகர்த்தலாக வைத்துக்கொண்டு வந்தார். ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இங்க என்ன நெனச்சீங்க?"

பட்டறையில் என்ன செய்தாய் என்று கேட்பார்கள், ஏன் செய்தாய் என்றும் கேட்பார்கள். என்ன நினைத்தாய் என்று யாரும் கேட்டதில்லை.

"பயந்துட்டேனுங்க" என்றேன்.

"பயந்துக்கிட்டு வெச்சதுதானுங்க சரி. தைரியமா வெச்சிருந்தீங்கன்னா அப்பவே முடிச்சிருப்பேன்."

அவருக்குத் தெரிந்த இன்னொரு பயிற்சியாளர் டீ டம்ளரோடு வந்து நின்றார். "என்னுங்க, முதல் சுத்துலயே அரைப் பாயின்ட்டத் தானம் பண்ணிட்டீங்களாட்ட இருக்குது?"

"தானமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. புடுங்கிட்டாருங்க. வேணும்னா நீங்க உக்காந்து ஜெயிச்சுக் காட்டுங்க பாக்கலாம்."

வந்தவர் குனிந்து பார்த்தார். இரண்டு காயை நகர்த்தினார். என்னோடு ஆடியவர் பதிலுக்கு என் மந்திரியை நகர்த்தினார். "அட, நகரமாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டு வந்தவர் போய்விட்டார்.

நான் ட்ரா ஆனதற்காகச் சந்தோஷப்பட்டேன் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எனக்கு அந்த மேஜைதான் பெரிதாக இருந்தது. அவர் எழுந்துவிடக் கூடாதே என்று, தெரிந்ததையும் தெரியாததுபோல் "இப்பிடி வெச்சா என்னங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவரும் சலிக்காமல் வைத்துக் காட்டினார். அடுத்த சுற்றுக்குக் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தோம். போகும்போது போன் நம்பர் சொன்னார். "ஏதாச்சும் புதுசாத் தோணுச்சுன்னா கூப்பிடுங்க."

மீதிச் சுற்றுகளில் எல்லாம் தோற்றேன். தோற்கடித்த பிள்ளைகள் கை கொடுத்துவிட்டு அம்மாவிடம் ஓடினார்கள்.

மறுநாள் சென்னிமலையிலிருந்து அக்கா பேசினாள். ஒரு பெரிய ஆளோடு மணிக்கணக்கில் உட்கார்ந்து ட்ரா செய்தேன் என்று சொன்னேன்.

"செயிச்சயா, தோத்தயா, அதச் சொல்லு கண்ணு."

"ரெண்டும் இல்லக்கா."

"ரெண்டும் இல்லாததுக்கா அத்தன நேரம் உக்காந்திருந்த? சோறாவது போட்டாங்களா?"

"எலுமிச்சஞ்சோறு போட்டாங்க."

"அது போதும் போ" என்றாள்.

அன்று சாயங்காலமே கட்டில்மேல் பலகையை வைத்து அந்தக் கடைசி நிலையை அடுக்கினேன். புதிதாக ஏதாவது தோன்றினால் கூப்பிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். தோன்றாமல் எப்படிக் கூப்பிடுவது? சும்மா பேசலாம் என்று கூப்பிட எனக்கு வராது. போனில் உள்ள கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் ஒரு நொடியில் சொல்லிவிடும். அதனாலேயே கொடுக்கவில்லை. அது சொல்லிவிட்டால் எனக்குக் கேட்பதற்கு என்ன இருக்கும்?

நான் ஜெயித்திருக்க வழியே இல்லை என்பது சீக்கிரம் தெரிந்துபோனது. ஆகவே அவர் ஜெயித்திருக்கும் வழியைத் தேட ஆரம்பித்தேன். வேலை முடிந்து வந்து, கையில் கிரீஸ் போகக் கழுவிவிட்டு, அவருடைய பக்கமாக உட்கார்ந்து என்னைத் தோற்கடிக்கப் பார்த்தேன். பல நாள் நடக்கவில்லை. ஒரு நாள் நடந்தது. அவர் இடது ஓரத்துச் சிப்பாயை முதலிலேயே ஓடவிட்டிருந்தால், என் ராஜா அதைப் பிடிக்க அந்தப் பக்கம் போயாக வேண்டும். அவர் ராஜா வலது பக்கம் நுழைந்துவிடும். நான் தோற்றேன். திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் தோற்றேன். எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று முன்பே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"யாருங்க?"

"காரமடையில உங்களோட ட்ரா பண்ணினேனுங்க."

"எந்த வருசமுங்க?"

"போன மாசமுங்க."

"கறுப்புக் கட்ட மந்திரி உங்களுது. எனக்கு ரெண்டு சிப்பாய் சாஸ்தி. அந்த ஆட்டமுங்களா?"

"ஆமாங்க."

"அடடா, அருமையா ஞாபகம் இருக்குதுங்க! நீங்க அந்த பேங்க்காரருங்களா?"

"இல்லீங்க. லேத்துல இருக்கறனுங்க."

"தப்பா நெனச்சுக்காதீங்க. எனக்கு ஆட்டம் நிக்கும், மூஞ்சி நிக்காதுங்க."

நான் கண்டுபிடித்த வழியைச் சொன்னேன். அவர் முன்னால் பலகை இருந்ததாகத் தெரியவில்லை. அவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது, யாரோ டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் ஒரே நிலையை நினைத்துக்கொண்டிருந்தோம்.

"உங்க ராஜா எதுக்குங்க அங்க போகோணும்?" என்றார். "மந்திரிய மூலையில வெச்சீங்கன்னா ஒரே கோட்டுல நின்னுக்கிட்டு அந்தச் சிப்பாயையும் தடுக்கும், இந்தப் பக்கத்தையும் பாத்துக்கும். ராஜா இருந்த எடத்துலயே நிக்கட்டும். நான் என்னங்க பண்ண முடியும்?"

பலகையில் வைத்துப் பார்த்தேன். உண்மைதான்.

"கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கலீங்களா?"

"இல்லீங்க."

"நான் அன்னிக்கு ஊட்டுக்குப் போனதும் போட்டுட்டனுங்க. எனக்கும் மனசு கேக்கல. எப்படித் திருப்புனாலும் சமந்தானுங்க. நீங்க தோக்கவே மாட்டீங்க. நிம்மதியா இருங்க."

"சரிங்க."

"வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

யோசித்தேன். "இல்லீங்க" என்றேன்.

"அப்ப வெச்சர்றனுங்க."

பலகையை அப்படியே விட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டுக்குப் போய் அதை எடுத்துப் பார்த்திருக்கிறார் என்பது நன்றாக இருந்தது. ஆனால் ஆட்டம் அவருக்கு அன்றே முடிந்துவிட்டது.

அதற்குப் பின் கடைசி நிலையை விட்டுவிட்டு ஆட்டத்தின் நடுப்பகுதிக்கு வந்திருக்கிறேன். அங்கே காய்கள் நிறைய, வழிகளும் நிறைய. எங்கேயாவது நான் ஒரு பெரிய தப்புச் செய்து, அதை அவரும் கவனிக்காமல் விட்டிருக்கலாம். நேற்றுச் சாயங்காலம் அப்படி ஒன்று அகப்பட்டது போல இருந்தது. நம்பரைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். இன்று காலையில் மறுபடி பொறுமையாக வைத்துப் பார்த்தேன். அதிலும் நான் தோற்கவில்லை.