தம்பிராஜாவின் பட்டாளத்துக்கு ஒரு நிறம்

தம்பிராஜா அண்ணனுக்கு நிறம் தேர்ந்தெடுக்கத் தெரியாது என்று நான் எங்கள் காஜா பேராங் வட்டாரம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அவர் பஸ் கண்டக்டர், என் அடுத்த வீட்டுக்காரர். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம், சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் வீட்டு ஏலத்தில் ஒரு பெட்டி ஈயச் சிப்பாய்களை இருவரும் சேர்ந்து எடுத்தோம். பாதிப் பட்டாளம் அவருக்கு, பாதி எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை போடுவதாக ஏற்பாடு. ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே சிவப்புச் சட்டை. எவன் யாருடைய ஆள் என்று தெரிய வேண்டாமா?

நான் மறுநாளே பச்சை அடித்துவிட்டேன். அவரோ என் உயிரை வாங்கினார்.

"பழைய சிவப்பே இருக்கட்டுமேண்ணே."

"காட்டுல கம்யூனிஸ்டு சண்டை நடக்குது. சிவப்புப் பட்டாளம் வெச்சிருக்கான்னு போலீஸ் வந்து நிப்பான் லா."

மஞ்சள் மலாய் ராஜாக்களுடைய நிறமாம். காக்கி வேலைக்குப் போட்டுப் போட்டுச் சலித்ததாம். வெள்ளை என்றதும் அவர் மனைவி கமலவேணி அக்கா, "வீட்டுல அந்தத் துக்க நிறம் மட்டும் வேணாம்" என்று உள்ளேயிருந்தே தடுத்துவிட்டார். ஈயப் பொம்மைக்கு இவ்வளவு கூத்தா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

கடைசியில் ஒரு ஞாயிறு அவர் பட்டாளத்தோடு வந்தார். வெளுத்துப்போன நீலம். ஒவ்வொருவன் தோளிலும் ஒட்டுப் போட்டதுபோல ஒரு கருநீலத் திட்டு.

"இதென்னண்ணே, பிச்சைக்காரப் பட்டாளம்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சண்டை தொடங்கியது. என் ஆட்கள் மேசை நடுவுக்கு வந்துவிட்டார்கள். அவர் பகடையை உருட்டினார். நல்ல எண்தான் விழுந்தது. ஒரு சிப்பாயின் தலைமேல் விரலை வைத்தார், நகர்த்தவில்லை.

"அனுப்புங்கண்ணே, தோத்துடுவீங்க."

"முடியல, தேவதாஸு. இது என் தம்பி அப்பாசாமியோட சட்டை. யுத்த காலத்துல ஜப்பான்காரன் சயாம்ல ரயில் ரோடு போட ஆள் பிடிச்சானே, அன்னிக்கு இதைப் போட்டுக்கிட்டுத்தான் லாரியில ஏறினான். திரும்பி வரல. இந்த நிறம் அடிச்சா அவன் என்கூட இருக்கிற மாதிரி இருக்கும்னு நெனச்சேன். இப்ப இவனுங்கள்ல எவனை முன்னால அனுப்புறது, சொல்லு?"

"வேற நிறம் அடிச்சிடலாம்ணே" என்று உளறினேன்.

"அவன்மேல பூசச் சொல்றியா? லாரி கிளம்பினப்பவும் இப்படித்தான் கையைப் பெசஞ்சுக்கிட்டு நின்னேன்."

பகடையை என் பக்கம் தள்ளினார். என் முறை. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவர் ஆளைச் சாய்க்க எனக்கும் மனம் வரவில்லை.