மஞ்சள் சேவல்

கங்கையம்மாள் இதுவரை மூன்று பேரை அடித்திருக்கிறார். முதல் ஆள், பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அவர் கழுத்துச் சங்கிலியில் கை வைத்தவன். அவனுடைய முன்பற்கள் இரண்டு அங்கேயே விழுந்தன. இரண்டாவது ஆள் அவர் கொழுந்தனார், நிலம் பிரித்த அன்று. மூன்றாவது, அந்தக் கொழுந்தனாரின் மகன் வெற்றிவேல். முதல் இரண்டையும் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மூன்றாவதை நான் எழுதுகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, போன தை மாதம் அவர் வீட்டின் கீழ்ப் போர்ஷனுக்குக் குடிவந்தேன். மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள், ஆள் நுழைந்து நிற்கும் அளவுக்கு ஒரு வலைக் கூண்டு. கூண்டில் ஆறு சோடி லவ் பேர்ட்ஸ். கைப்பிடிக்குள் அடங்கும் கிளிகள்தான், ஆனால் விடிந்ததும் அவை போடும் கூச்சலில் தாம்பரம் போகும் ரயில் சத்தம் கேட்காது.

பெருங்களத்தூரிலிருந்து மேடவாக்கம் வரை லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் சோடி சேர்க்க அவரிடம்தான் கொண்டுவருவார்கள். பறவையைக் கையில் வாங்கி, அலகுக்கு மேலே மூக்கைப் பார்ப்பார். நீலம் என்றால் சேவல். பழுப்பு என்றால் பொட்டை. சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இரண்டாம் முறை பார்க்கிற வழக்கம் கிடையாது.

"சேவல் ஒண்ணு அதிகமா இருந்தா பரவால்ல. பாடிக்கினு கெடக்கும்," என்று எனக்குச் சொல்லியிருந்தார். "பொட்டை ஒண்ணு அதிகமாச்சு, கொலை வுழும். அவளுக்குன்னு பானை இல்லன்னா அடுத்தவ பானையில பூந்து எல்லாத்தையும் முடிச்சுடுவா."

ஆறு சோடிக்கு ஆறு பானை. பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண்பானைகளை ஓர் இரும்புக் குழாயில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார். சித்திரையில் எல்லாப் பானையிலும் முட்டை. அந்தச் சமயத்தில்தான், கேளம்பாக்கத்துக்கு வீடு மாறிப்போன ஒருவர் தன்னிடமிருந்த ஒற்றைக் கிளியைக் கொண்டுவந்து விட்டார். சிவப்புக் கண், உடம்பெல்லாம் மஞ்சள், இன்னும் முதல் இறகு உதிராத இளசு. மூக்கு ரோஸ் நிறம்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"செவப்புக் கண்ணு மஞ்சளுக்கு நீலம் ஏறாது. கடைசி வரைக்கும் ரோஸ்தான். சேவல்," என்று சொல்லி உள்ளே விட்டார்.

வைகாசி முடிவில் ஆறு பானைகளிலுமாகப் பதினாலு குஞ்சுகள். ஒருநாள் காலை முதல் பானையில் கை விட்டவர், கையை வெளியே எடுக்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மூன்று குஞ்சுகள். மண்டை பிளந்திருந்தது. ஒன்றுக்கு அலகே இல்லை. தாய்ப்பறவை கீழே உமிக்குள் ஒரு கண் போய் உட்கார்ந்திருந்தது.

எலி என்று நினைத்தார். பொறி வைத்தார். இரண்டு எலிகள் விழுந்தன, இரண்டையும் செங்கல்லால் அடித்துக் கொன்றார். அடுத்த நாள் இரண்டாவது பானை. வலையில் விரல் நுழையும் இடமெல்லாம் தகரம் வைத்துத் தைத்தார். அதற்கடுத்த நாள் மூன்றாவது. பானை வாயெல்லாம் காய்ந்த ரத்தம். அந்த வாரம் முடிவதற்குள் பதினொரு குஞ்சுகள் போய்விட்டன. மிச்சம், கடைசிப் பானையில் சாம்பல் நிறச் சோடியின் மூன்று குஞ்சுகள். கங்கையம்மாள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். அந்த மூன்றையும் கையில் எடுத்து, நெஞ்சோடு வைத்து, மறுபடி உள்ளே வைப்பார். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுப்பார்.

"எலி இல்ல. பூனையும் இல்ல," என்றார். "எலின்னா தின்னும். இது தின்னல. கொன்னு போட்டுட்டுப் போயிருக்கு. இது ஆளு வேலை."

ஆள் என்றால் யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துப் போர்ஷனில் வெற்றிவேல் இருந்தான். மாடி இரண்டு வீட்டுக்கும் பொது. ராத்திரியெல்லாம் ஐடி கம்பெனிக்குக் கேப் ஓட்டிவிட்டுக் காலையில் வந்து படுப்பவன். அவன் கண்ணை மூடும் நேரத்தில் கிளிகள் வாயைத் திறக்கும். மாடிப்படியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

"பெரீம்மா, ஒரு நாளு இல்ல ஒரு நாளு எல்லாத்தோட கழுத்தையும் திருகிடப் போறேன்."

"திருகு. உன் கழுத்து எங்க கீதுன்னு எனக்கும் தெரியும்."

சனிக்கிழமை பகலில் கூண்டுக் கதவைப் பார்த்தபடி கங்கையம்மாள் நின்றார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கம்பிதான் முறுக்குவார், எப்போதும் வலப்பக்கமாக. அன்றைக்கு அது இடப்பக்கம் முறுக்கியிருந்தது.

அதை முறுக்கியவள் நான். காலையில் கொத்தமல்லித் தழை வைத்துவிட்டு என் கைக்கு வந்த பக்கம் முறுக்கிவிட்டேன். சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவர் காலிப் பானைகளைக் கீழே தள்ளி, குழாயை உருவிக்கொண்டு படியிறங்கிவிட்டார். பானைகள் உடைந்த சத்தத்தில் நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. கடைசிப் பானையை மட்டும் முந்தின நாளே வேறோர் ஆணிக்கு மாற்றியிருந்தார், அது பத்திரமாகத் தொங்கியது.

நான் பின்னால் ஓடி அவன் அறைக்குள் நுழைந்தபோது வெற்றிவேல் தூக்கத்திலிருந்து பாதி எழுந்திருந்தான். வலக்கையைத் தலைக்கு மேல் தூக்கினான். எலும்பு உடையும் சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். காய்ந்த சுள்ளி முறிகிற அளவுதான் கேட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்கு முன் நான் குழாயைப் பிடித்துத் தொங்கினேன். அவர் என்னையும் சேர்த்துச் சுவரோடு மோதினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார். வெற்றிவேல் என்னைப் பார்க்காமல், "படியில வுழுந்துட்டேன் சார்," என்றான்.

மறுநாள் காலை கங்கையம்மாள் கூண்டுக்குள்ளேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வலைக்கு வெளியே நின்று சொன்னேன்.

"கதவுக் கம்பிய நான்தான் முறுக்கினேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்ல விட்டீங்களா?"

அந்த நேரத்தில் மஞ்சள் கிளி கடைசிப் பானையின் வாயில் போய் உட்கார்ந்தது. தலையை உள்ளே விட்டது. அடுத்த நொடி, உள்ளே இருந்த சாம்பல் பொட்டை அதன் முகத்தைக் கவ்வியபடி வெளியே வந்தது. இரண்டும் ஒரே பந்தாகக் கீழே விழுந்து உருண்டன. கத்தவில்லை. கடித்தன, அவ்வளவுதான். சாம்பலின் ஒரு கால் விரல் தனியே கிடந்தது. கங்கையம்மாள் கையை விட்டு மஞ்சளைப் பிடித்தார். அது அவர் கட்டைவிரலைக் கவ்விக் கடித்தது, விடவே இல்லை. ரத்தம் முழங்கை வரை ஓடியது.

பானைக்குள் மூன்று குஞ்சுகளும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

கீழே, இரண்டும் உருண்டதில் உமி விலகிய இடத்தில், ஒரு முட்டை. சின்னது, வெள்ளை, இன்னும் ஈரம். சாம்பல் பொட்டை தன் பானையை விட்டு வேறெங்கும் முட்டையிடாது. மஞ்சளின் வாலடி இறகிலும் அதே ஈரம். முதலிலிருந்தே பானை இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

கங்கையம்மாள் அந்த முட்டையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கிளியைக் கைக்குள் பிடித்தபடியே கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன், இந்த முறை நெருக்கமாக.

வெற்றிவேல் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். "இன்னா பெரீம்மா, இந்தக் கையையும் ஒடைக்க வந்தியா?"

"இதுதான்டா பண்ணிச்சு. சேவல்னு வுட்டேன். பொட்டை. முட்டை போட்டுகீது."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். தோள் வலித்து நிறுத்தினான். "ஊருக்கே மூக்கைப் பாத்துச் சொல்றவ நீ."

"எளசுல ரெண்டுக்கும் ரோஸ்தான்டா. பெருசாவுற வரைக்கும் தனியா வச்சுப் பாத்திருக்கணும். பாக்கல." கையை நீட்டினார். "இந்தா. திருகறேன்னு சொன்னல்ல. திருகு."

வெற்றிவேல் கிளியைப் பார்த்தான், அவர் கையிலிருந்த ரத்தத்தைப் பார்த்தான். "கழுத்தைத் திருக ரெண்டு கை வேணும், பெரீம்மா. எங்கிட்ட ஒண்ணுதான் கீது."

கங்கையம்மாள் இரண்டு கையாலும் திருகினார். அவன் "ஏய்" என்று எழுவதற்குள் முடிந்துவிட்டது.

"நான் சும்மா சொன்னேன்," என்றான். "அதுக்கு ஒரு பானை மாட்டியிருந்தா அது பாட்டுக்குக் கெடந்திருக்கும்ல?"

அவர் செத்த கிளியை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஜன்னல் கட்டையில் வைத்தார். கட்டிலுக்குக் கீழே தட்டில் சோறு பாதிக்கு மேல் சிந்திக் கிடந்தது. இடது கையால் சாப்பிட முயன்றிருக்கிறான். அவர் குனிந்து தட்டை எடுத்தார். சோற்றைப் பிசைய விரலை வைத்தார்.

"மொதல்ல கையைக் கழுவிக்கினு வா," என்றான் வெற்றிவேல்.

பின்பக்கக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

மூன்று குஞ்சுகளும் ஆனி மாதம் வெளியே வந்து பறந்தன. மாவுக்கட்டு பிரிக்கிற வரை தினமும் மூன்று வேளை கங்கையம்மாள்தான் ஊட்டினார். அவன் குறை சொல்லிக்கொண்டே தின்றான். இப்போதும் யாராவது கிளியைக் கொண்டுவந்து கேட்டால், மூக்கைப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

"முட்டை போட்டா பொட்டை. அதுக்கு முன்னாடி என்னைக் கேக்காத."